உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

"உழைக்கிற உடம்புக்கு நோய் வராது." வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் கட்டிவிட்ட பேச்சு இது. "அவனுக மரக்கட்டை, எதையும் தாங்குவானுக" என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைந்தது யார் முதுகில்? எங்க சித்தப்பா நாப்பது வருசம் நெல்மூட்டை சுமந்தவர். இப்போ தரையில் உட்கார்ந்தால் எந்திரிக்க முடியலை. ஆஸ்பத்திரியில், "நல்லா நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "இன்னும் எங்க போயி நடக்க?" என்கிறார் மனுசன்.

நியாயமான கேள்வி. பல நாடுகளில் 1,93,000 பேருக்கு மேல் எடுத்த கணக்குகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. உடம்பை முறிக்கும் வேலை செய்யும் ஆண்கள் சீக்கிரம் சாகும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம் என்றது. ஓய்வு நேர உடற்பயிற்சியோ ஆயுளைக் கூட்டுகிறது. வேர்வை ஒன்றுதான், பலன் ஏன் வேறு? பயிற்சிக்கு அளவுண்டு. களைத்த தசை ஓய்விலும் சத்தான சோற்றிலும்தான் மறுபடி தேறும். கூலிக்காரனுக்கு ஓய்வெடுத்தால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் சோறில்லை. மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகக் கூலி கேட்டு ஊர்வலம் போனவர்களை 1999 ஜூலை 23 அன்று போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதே, 17 உயிர் போனதே, மறந்துவிட்டதா?

"வயசாயிட்டு, இனி அப்படித்தான்" என்பதும் பொய். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பக்கத்தில் ஆள் நின்று, எடையை அளந்து, படிப்படியாகக் கூட்டிக் கொடுத்த பயிற்சி அது. வாயால் "நட" என்று சொன்னதல்ல.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. எனவே நாம் கேட்பது சலுகையல்ல. எந்தத் தெருவுக்கு எத்தனை முறை வந்தார்கள் என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஊர்த் தெருவையும் சேரியையும் தனித்தனியாக எழுதுங்கள். நாத்து நட்டுக் கூனிய பெண்களின் முதுகுக்கும், மூட்டை சுமந்து தேய்ந்த முழங்காலுக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது. கடனைத்தான் கேட்கிறோம்.