பரிஸ் பக்கத்து வீடு இல்லை, பிள்ளைகளே

பதிவு கொஞ்சம் நீளம். முழுக்க வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் கீழே எழுதுங்கோ.

"பரிஸ் தானே ரீச்சர்! லண்டனில் ரெயின் ஏறினால் இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை. இதுக்கு என்ன ஆயத்தம்?" போன ஞாயிறு ஒரு கலியாண வீட்டில் என்னிடம் படித்த ஒருவர் கேட்டார். சபையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

சென்ற வருடம் ஓகஸ்டில் பரிசில் இருந்த என் அக்கா காலமானா. இறுதிக்கிரியைக்கு முதல் நாள் காலை சென் பாங்கிராஸ் நிலையத்துக்குப் போனேன். பிரெஞ்சுப் பொலிசின் சோதனை அங்கேயே, லண்டனிலேயே நடக்கும். என்னைத் திருப்பி அனுப்பினார்கள். என் பாஸ்போர்ட் 2026 ஜனவரி வரை செல்லுபடியாகும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் அது வழங்கப்பட்டது 2015 மே மாதம். உள்ளே போகும் நாளில் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வயது ஆகியிருக்கக் கூடாது. பழையதில் மிஞ்சிய மாதங்களைப் புதியதில் கூட்டித் தந்த காலத்துப் பாஸ்போர்ட் என்னுடையது. அந்த மாதங்கள் அங்கே கணக்கில் வராது.

அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒரு கைபேசியில்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த உறவுகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "நிறம் பார்த்துத் திருப்பிட்டாங்கள்" என்றார் ஒருவர். இல்லை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியும் இதே காரணத்தால்தான் திரும்பினார்கள். "விதி" என்றார் இன்னொருவர். விதி இல்லை, விதிமுறை. நான் அதை வாசிக்கவில்லை. "வினாவை வாசிக்காமல் விடை எழுதாதே" என்று முப்பது வருடம் உங்களுக்குச் சொன்ன அதே ரீச்சர்தான் வாசிக்கவில்லை.

முடிவுத் திகதி என்று ஒன்றை அச்சடித்துவிட்டு, வேறொரு கணக்கில் ஆளை மறிப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் நியாயம் பேசிக்கொண்டு நின்றால் ரெயின் நிற்காது.

எனக்குக் கோபம் நம்மவர் மீதுதான். கொழும்பிலிருந்து எத்தனை எல்லை தாண்டி வந்தோம்! அன்றைக்கு ஒவ்வொரு கடதாசியும் மனப்பாடம். பிரித்தானியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வாசிப்பதை விட்டுவிட்டோம். "முந்திப் போனோமே" என்கிறீர்கள். முந்தி என்பது 2020 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. "மகன் பார்ப்பான்" என்கிறீர்கள். மகன் ரிக்கற்றின் விலையைப் பார்ப்பான், உங்கள் பாஸ்போர்ட்டின் பக்கத்தைப் பார்க்க மாட்டான். "போன கிழமை இன்னார் போனவர்" என்கிறீர்கள். அவர் பாஸ்போர்ட்டில் நீங்கள் போகப் போவதில்லை.

ஆகவே இன்று இரவே பாருங்கோ:

1. வழங்கிய திகதி: உள்ளே போகும் நாளுக்கு முந்திய பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். முடிவுத் திகதி: அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான்.

2. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். பரிஸ், பேர்லின், சூரிச் எல்லாம் ஒரே கணக்கு. பேரப்பிள்ளை பார்க்க மாதக்கணக்கில் போகும் அம்மாமார் இதைக் கவனியுங்கோ.

3. 2025 ஒக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை. இதற்குக் கட்டணமும் இல்லை. யாராவது காசு கேட்டால் ஏமாற்று.

4. மட்டன் ரோல்ஸ், நெய், தயிர் கொண்டு போகாதீங்கோ. இறைச்சியும் பாற்பொருளும் தடை. கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆள் ஒருவருக்கு இருபது கிலோ வரை. திரும்பும்போது பரிஸ் சீஸையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கோ.

5. மருத்துவ அட்டை இலவசம். ஆனால் நோயாளியை லண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவை அது தராது. பயணக் காப்புறுதியும் எடுங்கோ.

6. வீட்டில் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். லண்டனில் வதிவிட அனுமதி இருப்பது போதாது. விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது பதினைந்து நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மில் பலர் பரிசுக்கு ஐஃபல் கோபுரம் பார்க்கப் போவதில்லை. கலியாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு என்றுதான் போகிறோம். சாவு நாள் பார்த்துச் சொல்லிவிட்டு வராது. அவசரச் சேவையில்கூடப் புதிய பாஸ்போர்ட் கைக்கு வர ஆகக் குறைந்தது இரண்டு நாள் போகும். சுற்றுலாவுக்குப் போகிறவன் போகும்போது ஆயத்தம் செய்யலாம். நாங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழே "பார்த்தேன் ரீச்சர்" என்று ஒரு வரி எழுதுங்கோ. வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல எண்ணிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்