மலைக்குக் கட்டும் மூட்டை

மார்கழி பிறந்ததும் நம் சங்கத்து இளைஞரும், அவர்தம் தந்தையருங்கூட, காமிராவும் கையுமாய் மலை நோக்கிப் புறப்படத் தொடங்குவர். நந்தி மலையில் விடியற்காலை மேகம் படிந்து கிடக்கும் காட்சியைப் படம்பிடித்து ஊருக்கு அனுப்பாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. எந்தக் காமிரா வாங்கலாம் என்று நம்மிடம் வினவுவோர் பலர். என்ன உடுத்திச் செல்வது என்று வினவியவர் இதுவரை ஒருவருமிலர். படம் கெடுவதோ பெரும்பாலும் அங்கேதான்.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். இவ்வேறுபாட்டால் பொதுவாக மூன்று நான்கு டிகிரி குளிர் கூடும். காற்றும் அதனோடு சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் குறைந்த வேளையில் காமிராவின் கண் சற்று அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அப்பொழுது கை நடுங்கினால், இலட்ச ரூபாய்க் கருவியும் மங்கிய படத்தையே தரும்.

ஏறும்போது வியர்க்கும். நனைந்த பருத்திப் பனியன் உச்சியில் காற்றுப்பட்டதும் ஈரத்துணிபோல் உடலோடு ஒட்டிக்கொண்டு நடுக்கத்தைத் தரும். ஆதலின் உலர்ந்த பனியன் ஒன்று பையில் இருத்தல் வேண்டும். உச்சியை அடைந்ததும் முதல் வேலை அதை மாற்றுவதே, படமெடுப்பது அன்று. ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறி, நின்ற பிறகே அணிய வேண்டும். வீட்டம்மையார் மாட்டிவிட்டார் என்பதற்காக அதனுள்ளேயே வெந்துகொண்டு ஏறுவது நம்மவர் வழக்கம்! காதுக்கு மப்ளர் போதும். காலுக்கு, அடி தேயாத ஷூ. இப்பக்கத்து மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். பனி படிந்த பாறையில் தேய்ந்த ஷூ வழுக்கும்.

மைசூர் இருப்புப்பாதையில் உள்ள இராமநகரத்திற்குப் பறவை பார்க்கச் செல்வோர் நிறத்தையும் கருத வேண்டும். அங்குள்ள இராமதேவர பெட்டா 2012-இல் பாறுக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. அங்கே பளிச்சென்ற வெள்ளைச் சட்டை ஆகாது. காக்கியோ மங்கிய பச்சையோ நன்று.

இனிக் கருவிகள். காமிரா ஒன்று, லென்ஸ் ஒன்று, மாற்று பேட்டரி ஒன்று. பேட்டரி குளிரில் சோர்வடையும் ஆதலால் அது சட்டையின் உட்பையில் இருக்கட்டும். கனத்த முக்காலிக்குப் பதிலாக அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்து எடுத்துச் சென்றால், அதைப் பாறைமேல் இட்டுக் காமிராவை அசையாமல் இருத்தலாம். லென்ஸில் தூசு படிந்தால் வேட்டி நுனியால் துடைத்தல் வேண்டா. பாறைத் தூளில் கலந்துள்ள படிகக்கல் கண்ணாடியைவிடக் கடினமானது, கீறிவிடும். முதலில் ஊதி அகற்றி, பின்னரே மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். குளிர்ந்த காமிராவை ஆவி பறக்கும் தேநீர்க் கடைக்குள் திறந்து வைத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியே வைத்திருங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, தலையில் கட்டும் விளக்கு. சோற்றுப் பொட்டலம் கையில் தொங்கினால் குரங்குக்கு உரியது என்று பொருள். பைக்குள்ளே இருக்க வேண்டும். இருவர் சுமை ஒருவர் முதுகில் ஏறுமாயின் எதையேனும் வீட்டிலேயே விட்டுச் செல்க. பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த கானுயிர்ப் படக்கலைஞர் டி. என். ஏ. பெருமாள் தொழில் பயின்ற நாளில், ஒரு சுருளுக்கு 36 படம் கிடைப்பதே பெரிது.

ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது; இரயில்வே ஊழியர் என்ற முறையில் அது நம் கடமையுமாகும். இந்துப்பூர்ப் பாதையில் தொட்டபள்ளாபுரத்தைத் தாண்டியுள்ள மாகளிதுர்க்கத்திற்குச் செல்வோர், மலையடிவாரத்தில் தண்டவாளத்தின்மீதே நடந்து, அங்கேயே நின்று படமும் எடுக்கின்றனர். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது, அது கிடக்கட்டும். விரைந்து வரும் சரக்கு வண்டி, தடை போட்ட பின்னும் பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். காதில் பாட்டுக் கருவியை மாட்டியவருக்கு அதன் ஊதல் கேளாது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதைத் தொடவேண்டியதில்லை, நெருங்கினாலே தாக்கும். நிலையத்திலும் இருப்புப்பாதையருகிலும் முக்காலி, செல்பிக் குச்சி, குடை ஆகியவை மடங்கியே இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் கையில் அவற்றைத் தராதீர்கள்.

வனத்துறையின் அனுமதிச் சீட்டை முன்னரே பெற்றுப் பையில் வைத்துக்கொண்டு, மலைமீது ஏறிவிடுங்கள். இருப்புப்பாதை மலையைச் சுற்றி வளைவதும், வண்டி முழுவதும் அவ்வளைவில் ஊர்வதும் அங்கிருந்துதான் ஒரே சட்டத்துள் அடங்கும். அரிசிப் பையைப் பாறைமேல் வைத்துவிட்டுக் காத்திருங்கள், வண்டி வரும்.