காகிதத்தைக் கொடு, ரசீதை வாங்கு!

நாகை, திருவாரூர், தஞ்சை ஜில்லாக்களில் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய், "இந்த வயலை உழுவது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகூடப் பதில் சொல்லும். இன்னார் மகன் இன்னார் உழுகிறார், அவருடைய அப்பனும் பாட்டனும் உழுத வயல் இது என்று சொல்லும். அதே கேள்வியைத் தாலுகா கச்சேரியில் உள்ள ரிஜிஸ்தரிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது. பட்டாவில் ஒரு பெயர். அடங்கலிலும் அதே பெயர். அந்தப் பெயருக்குரியவர் வரப்பில் கால் வைத்து இருபது வருஷம் ஆகியிருக்கலாம். ஆனாலும் சாகுபடி செய்பவர் அவர்தான் என்று கணக்கு சொல்லுகிறது.

ஊருக்குத் தெரிந்த உண்மை ஒன்று. ரிஜிஸ்தரில் எழுதியிருக்கும் உண்மை வேறொன்று. பாங்கியிலும், கச்சேரியிலும், கோர்ட்டிலும் செல்லுபடியாவது இரண்டாவது உண்மைதான். இதனால் பாடுபடுகிறவன் தலையில் விழும் அடி கொஞ்சநஞ்சமல்ல.

நெல்லை அறுத்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று கேட்கிறார்கள். வெள்ளத்தில் பயிர் அழுகினால் இன்ஷூரன்ஸுக்கும் நிவாரணத்துக்கும் அதே கேள்வி. மத்திய சர்க்கார் 2019 முதல் விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்து வருகிறது; அதுவும் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நெல் உழுதவன் களத்தில் கிடக்கிறது; நெல்லுக்குரிய காகிதமோ உழாதவன் பெட்டியில் கிடக்கிறது!

இது எப்படி வந்தது? தற்செயலாக வந்ததா? இல்லவே இல்லை.

காகிதத்தின் பலத்தைப் பாட்டாளி அறிவதற்கு வெகு காலம் முன்பே பண்ணையார் அறிந்து வைத்திருந்தார். 1952-ல் தஞ்சை ஜில்லாப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது குத்தகைதாரரை நிலத்தைவிட்டு இறக்கிவிட முடியாது என்று சட்டம் சொன்னது. "இறக்கிவிட்டார்கள் என்று சொல்லுகிறாயே, நீ குத்தகைதாரன்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டுவிட்டால் போதும், சட்டம் செல்லாக் காசாகிவிடும் என்பதை நிலப்பிரபு உடனே புரிந்துகொண்டார். அதனால்தான் அவர் குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுக்க மறுத்தார். "நமக்குள் எழுத்து எதற்கு? உன் அப்பன் காலத்தில் எழுதியா வைத்தோம்?" என்று தேனொழுகப் பேசினார். குத்தகை நெல்லை அளந்து வாங்கிக்கொண்டார். ரசீது மட்டும் கொடுக்கவில்லை.

அந்த 1955-ம் வருஷச் சட்டத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. குத்தகைச் சீட்டை மூன்று பிரதிகள் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று நிலச் சொந்தக்காரருக்கு, ஒன்று குத்தகைதாரருக்கு, மூன்றாவது தாலுகா கச்சேரிக்கு. எவ்வளவு தெளிவான ஏற்பாடு! உங்கள் கிராமத்தில் எத்தனை பேர் வீட்டில் அந்த இரண்டாவது பிரதி இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். குத்தகைதாரருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத மனமில்லாத அதே பண்ணையார்கள், பெண்டாட்டி பெயரில், பிள்ளை பெயரில், பினாமி பெயரில் பத்திரம் பத்திரமாக எழுதித் தள்ளினார்கள். அப்போது மட்டும் எழுத்து தேவைப்பட்டது!

1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதற்கு மறு வருஷம், 1969-ல், விவசாய நிலங்களின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. கிராமம் கிராமமாகக் குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். பெயர் விட்டுப்போயிருந்தால் மனுக் கொடுக்கலாம். அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். முடிவு பாதகமாக இருந்தால் மேல் முறையீடு உண்டு. பெயர் ஏறிவிட்டாலோ, அது பொய் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் எதிராளியின் தலையில் விழுகிறது. பெயர் ஏறாதவன் தானே குத்தகைதாரன் என்று நிரூபிக்க அலைய வேண்டும். பெயர் ஏறியவனை அசைக்க மிராசுதார் அலைய வேண்டும். ஒரு வரி எழுத்து செய்யும் மாற்றம் இது!

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. எழுத்தில் குத்தகைச் சீட்டு இல்லாதவர் மனுப் போடக்கூடாது என்று அது சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய சீட்டு, நெல் போட்ட சீட்டு, அடுத்த வயல்காரரின் வாக்குமூலம் எல்லாமே சாட்சியம்தான். அவற்றைக் கூரையில் செருகி வைத்தால் கரையான் அரிக்கும். மனுவோடு சேர்த்துக் கொடுத்தால் உரிமைக்குக் காவல் நிற்கும். குத்தகையை வாங்க மறுத்து, பாக்கி வைத்தான் என்று பழி சுமத்தும் தந்திரத்துக்கும் மருந்து உண்டு. மறுக்கப்பட்ட குத்தகையை 1955-ம் வருஷச் சட்டப்படி கோர்ட்டில் கட்டிவிடலாம். அங்கே கிடைக்கும் ரசீதை எந்தப் பண்ணையாராலும் மறைக்க முடியாது.

குத்தகை நிலம்கூட இல்லாத விவசாயத் தொழிலாளருக்கு ரிஜிஸ்தரில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. 1971-ல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம், பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. அதுவரை, கூலி உயர்வு கேட்டால் முதல் அடி குடிசைமீதுதான் விழும். அந்தப் பயத்தைப் போக்கிய சட்டம் அது. ஆனால் தாத்தா பெயரில் வந்த மனைக் காகிதம் தகப்பன் பெயருக்கு மாறியதா, தகப்பன் காலமான பிறகு வாரிசுகள் பெயருக்கு மாறியதா? இன்றே எடுத்துப் பாருங்கள். செத்துப்போனவர் பெயரில் கிடக்கும் பட்டா, திறந்து கிடக்கும் வீட்டைப் போன்றது.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, இது வயல்காட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வருஷம் பஞ்சிலும் தூசியிலும் உழைத்து, கிராஜுவிட்டியும் பிராவிடண்டு பண்டும் சேர்த்து ஊருக்கு வெளியே இரண்டரை சென்ட் மனை வாங்குகிறோம். அதைக் கைநழுவ விடுவதற்கும் இதே ரிஜிஸ்தர்தான் காரணமாகிறது. பத்திரச் செலவு மிச்சம் என்று சொல்லி, தரகர் வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். அல்லது "பவர்" எழுதித் தருகிறார். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1908-ம் வருஷப் பதிவுச் சட்டம் அதற்கு நூறு வருஷம் முன்பே சொல்லிவிட்டது: நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள மனையோ நிலமோ கிரயமானால் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும், பதிவாகாத பத்திரம் அந்தச் சொத்தைத் தொடாது.

ஆகவே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலை மிதிப்பதற்கு முன் நம்மவர் ஒவ்வொருவரும் சில விஷயங்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கெடு. பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தடிக்கும் சொந்தக்காரரை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ரசீது. பத்திரத்தை வாங்கிக்கொண்ட அதிகாரி, தாக்கலான நாளையும் நேரத்தையும் அதில் குறிக்க வேண்டும். ரசீதும் கொடுக்க வேண்டும். இது அவர் காட்டும் தயவு அல்ல. சட்டம் அவருக்கு இட்ட கட்டளை. பதிவான பத்திரத்தைத் தாக்கல் செய்தவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் அந்த ரசீதில் யாரை எழுத்து மூலம் நியமித்தாரோ அவரிடம் கொடுக்கலாம். சூழ்ச்சி நுழைவது இங்கேதான். "நீ ஏன் வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைகிறாய், நான் வாங்கி வருகிறேன்" என்று தரகர் ரசீதில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார். பிறகு பத்திரம் அவர் கையில். கடன் தீரும்வரை, சில சமயம் தீர்ந்த பின்னும், அது அவர் பெட்டியில். பத்திரம் அன்றே திரும்பினாலும் சரி, ஒரு வாரம் கழித்துத் திரும்பினாலும் சரி, உங்கள் பத்திரத்தை நீங்களே வாங்குங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்! வாங்காமலும் விட்டுவிடாதீர்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் பத்திரத்தை அழித்துவிடச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, மறுப்பு. "இது பதிவாகாது, போ" என்று வாயால் விரட்டினால் நகராதீர்கள். சொத்து தம் எல்லைக்குள் இல்லை என்ற காரணம் தவிர வேறு எதற்காக மறுத்தாலும், காரணத்தை அதிகாரி புத்தகத்தில் எழுத வேண்டும். கேட்டால் அதன் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். மேலதிகாரியான ரிஜிஸ்திராரிடம் முப்பது நாளுக்குள் முறையிடலாம். எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து எங்கும் முறையிட முடியாது. அதனால்தான் வாயால் விரட்டுகிறார்கள்!

நான்காவது, பதிவானதோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான். நிலத்துக்கு இவரே சொந்தக்காரர் என்று சர்க்கார் உத்தரவாதம் தருவதில்லை. விற்றவருக்கே உரிமை இல்லாவிட்டால், முத்திரைத்தாள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உரிமை நமக்கு வராது. எனவே வாங்குமுன் வில்லங்க சர்ட்டிபிகேட் போட்டுப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். வாங்கியபின் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து, மாறும்வரை விடக்கூடாது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மயமாகிவிட்டது, இனி மோசடி இல்லை என்கிறார்கள். பட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பது நல்லதுதான். கர்ணத்தின் கைப்பெட்டிக்குள் கிராமக் கணக்கு முடங்கிக் கிடந்த காலம் 1980-ல் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டதோடு போனதும் நல்லதுதான். ஆனால் பழைய ரிஜிஸ்தரில் இருந்த பொய்யைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது மெய்யாகிவிடுமா? அதே பொய் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தாலும் ஒப்புகை எண் உள்ள சீட்டை வாங்காமல் வெளியே வரக்கூடாது. எந்திரம் மாறலாம், ரசீது கேட்கும் பழக்கம் மாறக்கூடாது.

சர்க்காரை நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பசலியிலும் அடங்கல் எழுதும்போது கிராம அதிகாரி வயலில் இறங்கி, உண்மையில் உழுகிறவர் யார் என்று பார்த்து எழுத வேண்டும். 1969-ம் வருஷச் சட்டப்படி வரும் மனுக்களை இத்தனை நாளுக்குள் முடிப்பது என்று கெடு வைத்து விசாரிக்க வேண்டும். ஜமாபந்தியில் குத்தகைப் பதிவேட்டைக் கிராமத்தார் முன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பதிவேட்டில் உள்ள குத்தகைதாரருக்கு நெல் கொள்முதலிலும் நிவாரணத்திலும் முதல் உரிமை தர வேண்டும். சட்டம் எழுதியவர்கள் சட்டத்தை நடத்தியும் காட்டட்டும்!

ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. ஒரு குத்தகைதாரர் தனியாக மனுவை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் செய்தி பண்ணையார் வீட்டுக்குப் போய்விடும். ஐம்பது பேர் ஐம்பது மனுக்களோடு ஒரே நாளில் போனால் யார் யாரை மிரட்டுவது? படிக்கத் தெரிந்த ஆலைத் தொழிலாளி விடுமுறைக்கு ஊர் போகும்போது, படிக்கத் தெரியாத அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் காகிதங்களைப் படித்துக் காட்டட்டும். சங்கக் கிளை ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். எந்த சர்வே நம்பர், உழுகிறவர் யார், மனுக் கொடுத்த நாள் எது, ரசீது எண் என்ன என்று அதில் எழுதட்டும். பண்ணையாருக்கு ஒரு கணக்கு இருக்கும்போது நமக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

வெறும் காகிதம் நிலத்தை வாங்கித் தந்துவிடாது. அதை நாம் அறிவோம். போராடிப் பெற்ற உரிமையும் எழுத்தில் ஏறாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. அதையும் அனுபவத்தில் அறிந்திருக்கிறோம். ஏர் பிடித்த கை, தறி ஓட்டிய கை, கைநாட்டு வைப்பதோடு நின்றுவிடக்கூடாது. அது நீண்டு, ரசீதைக் கேட்க வேண்டும்.

காகிதத்தைக் கொடுங்கள். ரசீதை வாங்குங்கள். வாங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்!