கருவியைக் கற்பித்தால் மட்டும் போதுமா?

தொலைபேசி, மின்னஞ்சல், உடனடிச் செய்தி, குரலஞ்சல், காணொளிக் கூட்டம் ஆகிய யாவற்றையும் ஒரே கணினி வலையமைப்பின் மீது கொண்டுவரும் ஏற்பாடே ஒருங்கிணைந்த தொடர்பாடல் எனப்படுகின்றது. வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரச அலுவலகங்களும் பழைய தொலைபேசி முறையைக் கைவிட்டு இம்முறைக்கு மாறுவது இன்று உலகெங்கும் நடைபெற்று வருகின்றது. இத்தகைய முறைமைகளைத் திட்டமிடவும் வடிவமைக்கவும் தகவல் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் பாடநெறிகளும் பல. எமது இளைஞர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து இத்தகைய சான்றிதழ்களைத் தேடிச் செல்கின்றனர். ஆனால், இப்பயிற்சிகள் எதனைக் கற்பிக்கின்றன, எதனைக் கற்பிக்காது விடுகின்றன என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினா உயிரோடு தொடர்புடையது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த துயரமொன்று சான்றாகும். 2013 டிசம்பர் 1 ஆம் திகதி, டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரிலுள்ள விடுதி அறையொன்றில் கேரி ஹண்ட் என்ற பெண் தமது கணவனால் கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டார். அவரது 9 வயது மகள் அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து, அவசர இலக்கமான 911 ஐ நான்கு தடவைகள் அழுத்தினாள். அழைப்பு வெளியே செல்லவேயில்லை. வெளி அழைப்பு எடுப்பதற்கு முதலில் 9 என்ற இலக்கத்தை அழுத்த வேண்டும் என்பது அந்த விடுதித் தொலைபேசியின் ஒழுங்கு. அச்சிறுமிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அங்கு கருவி பழுதடைந்திருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எவ்வாறு அமைக்கப்பட்டதோ அவ்வாறே அது இயங்கியது. ஆபத்து வேளையில் இவ்வறையிலுள்ள ஒருவர் என்ன செய்வார் என்ற கேள்வியை அமைத்தவர்கள் கேட்கவில்லை என்பதே குறைபாடாகும். கொல்லப்பட்டவரின் தந்தை இடைவிடாது மேற்கொண்ட முயற்சியின் விளைவாக, அவரது பெயரிலேயே 2018 பெப்ரவரியில் சட்டமொன்று கையொப்பமிடப்பட்டது. முன்னிலக்கம் எதுவுமின்றி அவசர அழைப்பு நேரடியாகச் செல்ல வேண்டும், அதே வேளையில் கட்டடத்திலுள்ள பொறுப்பாளருக்கும் அறிவித்தல் கிடைக்க வேண்டும் என்ற விதிகள் 2020 பெப்ரவரி முதல் புதிதாக நிறுவப்படும் பல்வழித் தொலைபேசி முறைமைகளுக்குப் பொருந்துகின்றன. நல்லதொரு வடிவமைப்பாளர் தாமாகவே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்விக்க ஓர் உயிரும் ஆறாண்டுகளும் தேவைப்பட்டன.

எமது நாட்டுக்கும் இது புறம்பான விடயமன்று. ஒருங்கிணைந்த முறைமையில் பல கிளைகளின் வெளி அழைப்புகள் ஒரே இடத்தினூடாகச் செல்லும்படி அமைப்பது வழக்கம். அதனாற் செலவு குறைகின்றது. அவ்வாறாயின், மன்னாரிலோ மட்டக்களப்பிலோ உள்ள கிளையிலிருந்து 119 அல்லது 1990 ஐ அழைப்பவரின் அழைப்பு கொழும்புத் தலைமையகத்தின் இலக்கத்துடன் வெளிப்படக்கூடும். அழைத்தவர் வாய் திறந்து தமது இடத்தைக் கூற இயலாத நிலையில் இருந்தால் உதவி எங்கே செல்லும்? சிக்கனத்தைக் கணக்கிட்ட கையே இதனையும் கணக்கிட்டிருக்க வேண்டும்.

மறுபுறம், கற்பிக்கப்படும் கருவிகளின் ஆயுளோ மிகக் குறுகியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2007 இல் ஒபிஸ் கொமியுனிகேஷன்ஸ் சேர்வரை வெளியிட்டது. 2010 இல் அது லிங்க் ஆனது. 2015 இல் ஸ்கைப் போர் பிஸ்னஸ் ஆனது. 2017 இல் டீம்ஸ் வந்தது. ஸ்கைப் போர் பிஸ்னஸின் இணையவழிச் சேவை 2021 ஜூலையில் மூடப்பட்டது. இம்முறைமைகளுக்கென வழங்கப்பட்டு வந்த எம்.சி.எஸ்.இ. சான்றிதழும் அதே ஆண்டு ஜனவரியில் நிறுத்தப்பட்டது. தொலைபேசி உலகின் பெரும் பெயர்களுள் ஒன்றான கனடாவின் நோர்டெல் நிறுவனம் 2009 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, பின்னர் துண்டு துண்டாக விற்கப்பட்டது. எந்தப் பொத்தான் எந்தத் திரையில் உள்ளது என்பதை மட்டும் கற்றவரின் அறிவு, திரை மாறியதும் பயனற்றுப் போகின்றது.

மாறாத அறிவும் உண்டு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங், ஓரிடத்துக்கு எத்தனை தொலைபேசி வழிகள் வேண்டும் எனக் கணிக்கும் சூத்திரத்தை 1917 இல் வெளியிட்டார். 60 பேர் பணிபுரியும் கிளையில், பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக 6 நிமிடம் வெளியாருடன் பேசுவதாகக் கொள்வோம். சராசரியாக 6 வழிகளே பயன்பாட்டில் இருக்கும். ஆயினும் 6 வழிகளை மட்டும் அமைத்தால் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்கு வழி கிடைக்காது. நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாதெனின் 13 வழிகள் வேண்டும் என்கின்றது அச்சூத்திரம். ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இக்கணக்கு இன்றைய முறைமைகளுக்கும் பொருந்துகின்றது.

அவ்வாறே, ஒருவரின் குரல் மற்றவரைச் சென்றடைய 150 மில்லி செக்கனுக்கு மேற்படாதிருப்பது நன்று எனச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. குரலுக்கு வலையமைப்பில் முன்னுரிமை வழங்காவிடின், யாரோ ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பும் வேளையில் உரையாடல் விட்டுவிட்டு ஒலிக்கும். கருவியை மாற்றினாலும் இக்குறை தீராது.

மின்சாரத்தையும் இங்கே குறிப்பிடாதிருக்க முடியாது. செப்புக் கம்பியில் இயங்கிய பழைய தொலைபேசி, பரிவர்த்தனை நிலையத்திலுள்ள மின்கலத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது ஒலித்தது. வலையமைப்பில் இயங்கும் தொலைபேசியோ கட்டடத்தின் மின்சாரத்தை நம்பியிருப்பது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையிலான மின்வெட்டை அனுபவித்த நாடு இது. வலையமைப்புச் சுவிட்சுக்கு எத்தனை மணி நேரத்துக்கான மின்கலம் வேண்டும், மின்பிறப்பாக்கி இயங்காவிடின் மாற்று வழி யாது என்பவற்றை வெளிநாட்டுப் பாடநூல் எமக்காக எழுதித் தரப்போவதில்லை.

மொழியும் திட்டமிடலின் ஓர் அங்கமே. தமிழுக்கென ஓர் இலக்கத்தை அழுத்திவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருந்து களைத்த அனுபவம் எமது வாசகர்களுக்குப் புதியதன்று. மும்மொழியிலும் குரற்பதிவு செய்வது எளிது. ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் அழைப்பர், அவர்களுக்குப் பதிலளிக்க எத்தனை உத்தியோகத்தர் உளர் எனக் கணக்கிடுவதே திட்டமிடலாகும். அதற்கும் எர்லாங்கின் கணிதமே துணை செய்யும்.

விற்பனை நிறுவனங்களின் பாடத்திட்டங்களில் திட்டமிடலும் வடிவமைப்பும் தலைப்புகளாக இடம்பெறுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு நிறுவனத்தின் பாடத்திட்டம் தனது பொருள் தேவைதானா என்ற வினாவிலிருந்து தொடங்குவதில்லை. சான்றிதழை மட்டும் பார்த்து ஆட்சேர்க்கும் தொழில்தருநரும், பரீட்சை வினாக்களை மனனஞ் செய்வித்துச் சித்தி வீதத்தை விளம்பரஞ் செய்யும் பயிற்சி நிலையங்களும் இந்நிலைக்குப் பொறுப்பாளிகளே.

எனவே, பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இப்பயிற்சியைத் தலைகீழாக மாற்றியமைத்தல் அவசியம். மாணவரை முதலில் ஒரு வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ அழைத்துச் செல்லட்டும். யார் யாரை அழைக்கின்றனர், எப்போது அழைக்கின்றனர், அழைப்பு கிடைக்காவிடின் என்ன நேர்கின்றது என்பதை அவர்கள் எழுதிவரட்டும். அதன் பின்னர் கணக்கிடட்டும். இறுதியாகவே கருவியைத் தெரிவு செய்யட்டும். அமைத்து முடித்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, இணைப்பைத் துண்டித்து, அவசர இலக்கங்களுக்கான அழைப்பு செல்லும் வழியை உரிய தரப்பினரின் முன்னனுமதியுடன் பரிசோதித்துக் காட்டுவதே அவர்களது பரீட்சையாக அமையட்டும்.

இதற்குப் பெரும் நிதியோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. தொலைபேசியை எடுக்கப்போகும் மனிதரை முதலில் நினைத்துப் பார்க்கும் பழக்கமே தேவை. மார்ஷல் நகரிலே ஒரு சிறுமியின் நான்கு அழைப்புகள் வீணான பின்னரே அமெரிக்கா விழித்துக்கொண்டது. அத்தகைய விலையைக் கொடுக்காமலே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எமக்குக் கிடைத்துள்ளது. எமது கல்விமான்களும் தொழில்தருநரும் அதனைப் பயன்படுத்திக்கொள்வார்களா?