போனவன் எல்லாம் துரோகியா?



போன வாரம் பி.டி. பீரியடில் மழை பிடித்துக்கொண்டது. வகுப்பிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "சொந்த டீமை விட்டுட்டு வேற ஆட்டத்துக்குப் போறவன் துரோகிதானே?" என்று ஒருவன் கேட்டான். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். நான் இல்லை என்றேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பதில் ஒரு மனிதர். பெயர் டைக் கென்னலி. ('டைகர்' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துங்கள், அவர் பெயர் வந்துவிடும்!) அயர்லாந்தில் கெர்ரி மாவட்டம், லிஸ்டோவல் ஊர்க்காரர்.

அங்கே கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. ஒரு பக்கம் 15 பேர். உருண்டைப் பந்து. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியால் தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் அவர் ஆடிய காலத்தில் 1 புள்ளி.

இதில் பெரிய விஷயம் என்ன தெரியுமா? ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது! பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி. ஆனால் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் இறுதிப் போட்டி என்றால் 80,000 பேர் வருவார்கள். அந்தக் கோப்பையை அதிக முறை ஜெயித்தது கெர்ரிதான். டைக்கின் அப்பா டிம் கென்னலி கெர்ரிக்காக 5 முறை ஜெயித்தவர், 1979இல் கேப்டன்.

அப்படிப்பட்ட வீட்டுப் பையன் 1999இல், 18 வயதில், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட! அது முழுநேரத் தொழில், சம்பளம் உண்டு. ஆனால் பந்து முட்டை வடிவம். ஒரு பக்கம் 18 பேர். எதிராளியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். முட்டைப் பந்தைத் தரையில் தட்டினால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டு 2001இல்தான் முதல் பெரிய ஆட்டம் ஆடினார்.

2005இல் ஸ்வான்ஸ் 58–54 என்று ஜெயித்தது. 72 வருஷத்துக்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த கோப்பை. பதக்கம் வாங்க மேடை ஏறிய டைக், அங்கேயே அயர்லாந்து நடனம் ஆடினார். ஊரை மறந்தவன் செய்கிற காரியமா இது?

அதே டிசம்பரில் அப்பா இறந்துபோனார். வயது 51தான்.

2009இல் டைக் சம்பளத்தை விட்டுவிட்டுக் கெர்ரிக்குத் திரும்பினார். அப்பா வாங்கிய பதக்கத்தைத் தானும் வாங்க வேண்டும் என்ற ஆசை. செப்டம்பர் 20, குரோக் பார்க். கார்க் அணிக்கு எதிராகக் கெர்ரி 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்வான்ஸ் ஜெயித்ததும் அதே 4 புள்ளிதான்! இரண்டு நாட்டுப் பெரிய பதக்கமும் வாங்கிய முதல் ஆள் அவர். (இரண்டாவது ஆள் கானர் மெக்கன்னா: 2021இல் டைரோன், 2024இல் பிரிஸ்பேன்.) அப்புறம் டைக் மறுபடி சிட்னிக்குப் போய், 2011இல் ஓய்வு பெற்றார். ஸ்வான்ஸுக்கு மொத்தம் 197 ஆட்டம்.

"அவர் ஜெயிச்சார், அதனால சொல்ற. தோத்தவங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போனவர்களில் பலர் ஒரு பெரிய ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து வளர்த்த ஊர் கிளப்புக்கு நல்ல பையனை இழப்பது நஷ்டம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நஷ்டம் வேறு, துரோகம் வேறு. கூட ஆடிக்கொண்டே வேண்டுமென்று தோற்கடிப்பவன்தான் துரோகி. சொல்லிவிட்டுப் போய், முழு உழைப்பையும் கொடுப்பவன் எப்படித் துரோகி ஆவான்? 18 வயதில் ஒருவன் எடுத்த முடிவுக்கு அன்றைக்கே நாம் தீர்ப்பு எழுதினால், பத்து வருஷம் கழித்து அவன் திரும்பி வரும்போது எந்த முகத்தோடு வரவேற்போம்?

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கபடி டீமை விட்டு வாலிபாலுக்குப் போன என் நண்பனிடம் நான் இரண்டு மாதம் பேசவில்லை. அந்தச் சொல்லை அவனிடம் முதலில் சொன்னதே நான்தான். இந்தத் தாள் சுவரில் ஏறுவதற்கு முன்னால் அவனிடம் போய் "ஸாரிடா" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துவிட்டு, "நாளைக்கு நெட் கட்ட ஆள் பத்தல, வர்றியா?" என்றான்.

போகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்