வேகம் வேறு, ஊட்டம் வேறு

‘ஹை ஃபீட் மில்லிங்’ என்பதை ‘அதிவேகத் துருவல்’ என்று பெயர்ப்பது எளிது, ஆனால் பிழை. அதிவேகத் துருவலில் உயர்வது வெட்டு வேகம். இங்கு உயர்வது ஊட்டம். அதாவது, ஒரு பல் வெட்டியபின் அடுத்த பல் வெட்டுவதற்குள் பணிப்பொருள் நகரும் தொலைவு. இக்குழப்பம் அகராதியோடு நிற்பதில்லை. எந்திரத்தில் இடும் எண்ணையே மாற்றிவிடுகிறது.

90 பாகைக் கட்டர், தன் விட்டத்தில் பாதிக்குக் குறையாத அகலத்தில் வெட்டினால், ஊட்டமும் சீவலின் பெருமத் தடிப்பும் ஒன்றே. அதனால் மாணவர் இரண்டையும் ஒன்றெனவே பயில்கிறார். உயர் ஊட்டக் கட்டரிலோ வெட்டுவிளிம்பு பொதுவாக 10 முதல் 15 பாகைக் கோணத்தில் படுத்திருக்கும். ஊட்டத்தை அக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பதே சீவலின் தடிப்பு. 12 பாகையில் 1 மி.மீ. ஊட்டம் தருவது 0.21 மி.மீ. தடிப்புள்ள சீவலே.

32 மி.மீ. விட்டமும் 3 பற்களும் கொண்ட கட்டரை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில் இயக்குவதாகக் கொள்வோம். சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,490. மேசை நகர்வு ஏறத்தாழ 4,470 மி.மீ. இவ்வெண்ணைக் கண்டு அஞ்சும் மாணவர் ஊட்டத்தை 0.2 ஆகக் குறைக்கிறார். சீவல் 0.04 மி.மீ. ஆக மெலிகிறது. விளிம்பு வெட்டுவதை விட்டு உராயத் தொடங்குகிறது, வெப்பம் ஏறுகிறது, கருவி விரைவில் தேய்கிறது. எச்சரிக்கை எனக் கருதியதே சேதமாகிறது.

ஆகவே தேர்வின் வரிசை மாற வேண்டும். முதலில் உலோகத்துக்கும் விளிம்புக்கும் ஏற்ற சீவல் தடிப்பு, அதிலிருந்து ஊட்டம், பின்னர் இன்சர்ட் அனுமதிக்கும் எல்லைக்குள் சிறிய வெட்டு ஆழம், அதன்பின் வெட்டு வேகம். அவ்வூட்டத்துக்கு எந்திரம் ஈடுகொடுக்குமா என்பது இறுதிச் சோதனை.

“தயாரிப்பாளர் கையேட்டிலேயே ஊட்டம் இருக்கிறதே, இந்தக் கணக்கு எதற்கு?” எனலாம். கையேட்டின் எண் ஒரு தொடக்கம் மட்டுமே. கட்டரின் கோணமோ வெட்டும் அகலமோ மாறும்போது எதை மாற்றலாம், எதைக் காக்க வேண்டும் என்பதை அறிய அடிப்படை அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழி இயந்திரப் பொறியியலைத் தொடங்கியது. அத்தகைய வகுப்புகளில் ‘சீவல் தடிப்பு’ தனிக் கலைச்சொல்லாக, ‘ஊட்ட’த்துக்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டும். பெயரில்லாத அளவை எவரும் கணக்கிடுவதில்லை.