பேகனின் போர்வை

மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பள்ளியிலேயே நமக்கு அறிமுகம் செய்துவிடுகிறார்கள். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து கிடந்ததையும், அவளுக்காகக் கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் அவனிடம் இரந்து பாடியதையும் புறநானூற்றைத் திறந்தவர்களே அறிவர். கிண்டியில், வேளச்சேரி சாலையிலுள்ள புளூ கிராஸ் காப்பகத்திற்குத் தொண்டு செய்யப் போகலாமே என்று எங்கள் வட்டத்தில் பேச்சு எழுந்தபோது, எங்களுக்குப் பேகன்தான் நினைவுக்கு வந்தான்.

திட்டம் இதுதான்: ஞாயிறு காலை போவது, குட்டிகளைக் கொஞ்சுவது, பிஸ்கட் போடுவது, படம் எடுப்பது, திரும்பும் வழியில் அடையாற்றில் காப்பி. இதில் தொண்டு எங்கே இருக்கிறது? காப்பகத்திற்கு வருபவை அடிபட்டவை, நோயுற்றவை, வளர்த்தவர்களே கைவிட்டவை. கூண்டு கழுவ, மலம் அள்ள, சொறி பிடித்த உடம்பைக் குளிப்பாட்ட, கட்டு மாற்றும்போது அசையாமல் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு அல்ல. வாரந்தோறும், சொன்ன நேரத்திற்கு. கொஞ்சுவதற்கு ஆள் பஞ்சம் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு குட்டியிடமிருந்து இன்னொரு குட்டிக்குப் பார்வோ கிருமியைக் கொண்டு சேர்ப்பதும் இந்தக் கொஞ்சும் கைகளாகவே இருக்கக்கூடும். (மயில் போர்வையைக் கேட்கவில்லை என்பதை மறுபடியும் சொல்ல வேண்டுமா?)

அந்த அமைப்பு பிறந்த கதையையாவது நினைத்துப் பார்க்கலாம். 1959இல் பெருமழையின்போது, தி. நகரில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி எடுத்துத் தம் வீட்டிற்கே கொண்டு சென்றார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். தொண்டு வீட்டு வாசலில்தான் தொடங்கியது.

நம் வாசலில் என்ன நடக்கிறது? மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடுக்ககச் சங்கங்களில் ஒரே கோரிக்கைதான்: "எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் விட்டுவிடுங்கள்." 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி சென்னைத் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். எந்த மதில் சுவருக்குள் அவற்றை அடைப்பது? ஆகஸ்ட் 11, 2025 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி நாய்களை அடைக்கச் சொன்னது. பதினோரே நாளில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடுமாறு மூவர் அமர்வு அதனைத் திருத்தியது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்திற்கே அனுப்ப ஆணை வந்தது. இருக்கிற காப்பகங்களின் தோளில் மேலும் ஒரு மூட்டை.

சென்னை இதை வேறு வழியில் முன்பே பட்டறிந்த ஊர். மாநகராட்சி நீண்ட காலம் நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது, கொன்றும் குறையவில்லை. குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும் தெருவில் ஒரு நாயை அகற்றினால், அந்த இடத்திற்கு இன்னொன்று வரும், தடுப்பூசி போடாததாக. புளூ கிராஸ் 1964 முதலே கருத்தடையை வலியுறுத்திவந்தது. மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது 1996இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

கடிபட்ட குழந்தையின் தாயிடம் நாங்கள் வாதாட வரவில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. அவள் அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து, நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுவது. காப்பகத்திற்கு நாய்களை ஏற்றி அனுப்பும் வண்டி அதற்கு மருந்தாகாது.

ஆகவே நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைக் கைவிடுவோம். வாரந்தோறும் தவறாமல் கூண்டு கழுவ முடிகிற இருவர் மட்டும் பெயர் கொடுங்கள். மற்றவர்கள் அடுத்த கூட்டத்திற்குள், தத்தம் தெருவில் காதில் கருத்தடை அடையாள வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.